காட்டு நடை, மலையேற்றம்: பீடோங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங்கில் கட்டடம் மறைக்காத எந்த இடத்தில் நின்றாலும் ஜெராய் மலை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கமாக நடக்கப் போகும் சின்னக் கூட்டம் நாங்கள். கடைத்தெருவிலும் கோயிலிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன், என் தொண்டைக்கும் ஓய்வு. தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்துப் பழகிய வாய் என்பதால் அங்கங்கே அதட்டல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை மலையே ஏறியதில்லை. முதலில் எங்கே போவது?

மலைக்குப் போகாதீர்கள். தோட்டத்து மண் சாலையில் தொடங்குங்கள். இங்கே யாருக்கும் பத்து நிமிட மோட்டார் தூரத்தில் ஒரு செம்பனைத் தோட்டமாவது மிச்சமிருக்கும் கித்தா (ரப்பர்) தோட்டமாவது உண்டு. வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். ஒரு மாதம் கழித்து, நடக்கும்போதே முதுகுப் பையில் இரண்டு பெரிய போத்தல் தண்ணீரைச் சுமந்து பாருங்கள். அது தொந்தரவாக இல்லாவிட்டால் மலையைப் பற்றிப் பேசலாம்.

தோட்டம் தனியார் நிலம். காவல் கொட்டகையில் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. ‘இன்று எந்தப் பக்கம் குலை வெட்டுகிறார்கள், எங்கே மருந்து அடிக்கிறார்கள்’ என்று கேட்டு, அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் குலையை அறுக்கும்போது அது எங்கே விழும் என்பது வெட்டுகிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வெட்டிய மட்டைகளை அடுக்கியிருக்கும் வரிசைமேல் ஏறி நடக்க வேண்டாம். எலிக்காக வரும் பாம்பு ஒதுங்குவது அங்கேதான். கித்தாத் தோட்டத்தில், காய் வெடித்துக் கொட்டை உதிரும் பருவத்தில், சருகுக்கு அடியில் கிடக்கும் கொட்டைமேல் கால் வைத்தால் வழுக்கிவிடும். சரிவில் மெதுவாக இறங்குங்கள்.

ஜெராய் மலைக்கு எந்த வழியாகப் போவது நல்லது?

யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உயரம் 1,217 மீட்டர். கடற்கரைச் சமவெளியிலிருந்து நேராக எழுவதால் பார்வைக்கு இன்னும் பெரிதாகத் தெரியும்.

குருண் பக்கமிருந்து மேலே தங்கும் விடுதிவரை தார்ச் சாலை இருக்கிறது. வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போவதென்றால் காரில் ஏறி, மேலே இருக்கும் சுங்கை தெரோய் பொழுதுபோக்குக் காட்டில் நடக்கலாம். குளிரும், மூடுபனியும் வரும், கால் வலிக்காது. இதை மலையேற்றம் என்று முகநூலில் போடாமல் இருந்தால் சரி. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் இராணுவப் பகுதியும் இருப்பதால் அங்கே வேலி உண்டு. வேலியைத் தாண்டிப் படமெடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாடாங் தோக் ஷேக் என்ற பாறை வெளி இருக்கிறது. மண் மெலிந்து மரங்கள் குட்டையாகிவிடும் அந்த உயரத்தில் பாறையிடுக்கில் குடுவைச் செடிகளைப் பார்க்கலாம். மலாய்க்காரர்கள் அதைக் குரங்குப் பானை என்பார்கள். மண்ணில் கிடைக்காத சத்தை அந்தச் செடி பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. குனிந்து பாருங்கள், பிடுங்காதீர்கள். தொட்டியில் வைத்தால் வீட்டு வெயிலில் தாங்காது.

யான் பக்கமிருந்து தங்கா கெனாரி என்ற படிக்கட்டுப் பாதை. முட்டி நல்லபடியாக இருக்கிறவர்களுக்கு மட்டும். ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றால் போய்விடும். இறங்கும்போதுதான் தொடை நடுங்க ஆரம்பிக்கும், அது நின்றாலும் போகாது.

எனக்குப் பிடித்தது மெர்போக் பக்கம். பீடோங்கிலிருந்து செமிலிங் வழியாகப் போகலாம். மலையின் தெற்கு அடிவாரத்தில் தூப்பா அருவி இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும் அந்தப் பக்கம்தான். அருங்காட்சியகத்தை ஒட்டி, ஓடைக்கரையில், புக்கிட் பத்து பாஹாட் சண்டி நிற்கிறது. சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1936, 37-இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அங்கே அகழ்ந்தார். 1960-இல் கற்களை மறுபடி அடுக்கி நிறுத்தினார்கள். சுற்றிலும் தூண் நிறுத்திய வட்டக் கற்கள் அப்படியே இருக்கும், தூணும் கூரையும் மரத்தால் ஆனதால் மிஞ்சவில்லை. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரம் இந்த வட்டாரம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் பார்க்கிற கல்லையெல்லாம் ‘சோழன் கட்டியது’ என்று பிள்ளைகளிடம் அளக்காதீர்கள். படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வணிகமும் வழிபாடும் இருந்தன. பக்கத்தில் சுங்கை பத்துவில் 2009 முதல் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களைச் செம்பனை நிலத்தின் நடுவிலேயே எடுத்தார்கள். இன்னொரு பக்கம், 11-ஆம் எண் சண்டியை வீடமைப்பு நிலத்துக்காக இடித்துத் தள்ளிய செய்தி 2013-இல் வெளிவந்தது. இந்தப் பக்கம் காலாற நடக்கும்போது ஓரத்தில் தெரியும் செங்கல் குவியலைக் காலால் தட்டிப் பார்க்காதீர்கள்.

அனுமதிச் சீட்டு வேண்டுமா? கம்பத்து (கிராமத்து) ஆட்கள் சும்மாதானே போகிறார்கள்?

அருவி, பொழுதுபோக்குக் காடு போன்ற பொது இடங்களுக்கு வழக்கமாக வேண்டாம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் பாதை போனால் மாநில வனத்துறையின் சீட்டு வேண்டும். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் அனுமதியில்லாமல் நுழைவதற்கு அபராதமும் சிறையும் உண்டு. சில பாதைகளுக்குப் பதிவு பெற்ற மாலிம் குனோங் என்ற வழிகாட்டி துணைக்கு வர வேண்டும். எந்தப் பாதைக்கு எது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், போகிற வாரத்தில் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். கம்பத்து ஆள் வழி தவறினால் தேடுவதற்கு முழுக் கம்பமும் வரும். உங்களுக்கு யார் வருவார்கள் என்பதுதான் அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எட்டரைக்குக் கிளம்பினால் ஆகாதா?

ஆகாது. நான் பார்த்தவரை, மலையில் ஆளைக் கவிழ்ப்பது சாமான் குறைவதல்ல, நேரம் தவறுவதுதான்.

இங்கே விடிவது ஏழு மணிக்கு மேல்தான். கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் அதற்கும் முன்பே நெற்றி விளக்கோடு மர நிரையில் நிற்பார்கள். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருந்து பால் நன்றாக வடியும் என்பது காரணம். நமக்குக் காரணம் வேறு: மத்தியானம் கழிந்தால் இடியோடு மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். கெடாவில் ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த காலம். ஏழேகாலுக்குப் பாதையில் கால் வைத்தால், வெயில் ஏறுமுன் ஏற்றத்தை முடித்து, மழைக்கு முன் காரடியில் நிற்கலாம்.

நேரத்தைக் கணக்கிட ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அவர் நடந்தது குளிர்ந்த புல்மலையில். நம் காட்டில் வேரும் சேறும் புழுக்கமுமாக இருப்பதால் வந்த விடையை இரண்டால் பெருக்குங்கள். ஐந்து கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறும் பாதை என்றால் ஏறவே நான்கு மணி. பிறகு திரும்பும் நேரம் ஒன்றை எல்லாரும் கேட்கச் சொல்லிவிடுங்கள்: ‘பதினொன்றரை ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்.’ உச்சி பத்து நிமிடத்தில் வரும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரைப் பேசவிட்டுவிட்டு இறங்குங்கள்.

அருவியில் குளிக்கலாமா? வெயிலாகத்தானே இருக்கிறது?

நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில். மேலே என்ன நடக்கிறது?

கெப்பாலா ஆயர், அதாவது ஓடையில் திடீரென இறங்கும் மலை வெள்ளம், என்ன என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் மலையில் கொட்டிய மழை, பாறையையும் மரத்தையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு யான் பக்கம் இறங்கியது. உயிர்கள் போயின, வீடுகள் போயின. மலை செங்குத்து, ஓடைகள் குறுகல். ஆகவே மேலே பெய்த மழை கீழே வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. சரிவு பெயர்ந்து மரம் விழுந்து ஓடையை அடைத்து, அந்த அடைப்பு உடைந்தால் இன்னும் மோசம்.

தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரெனக் கூட்டமாக மிதந்து வந்தாலோ, நீங்கள் உட்கார்ந்திருந்த பாறையின் ஈர விளிம்பு ஒரு சாண் ஏறியிருந்தாலோ, மேலேயிருந்து லோரி வருவது போல இரைச்சல் கேட்டாலோ, சட்டென எழுந்து மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையின் ஓரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகம். செருப்பு, போன், பொட்டலம் எதையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். பாதையைக் கடக்க முடியாமல் அக்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருங்கள். வேகமாக ஏறிய வெள்ளம் பெரும்பாலும் வேகமாகவே இறங்கும். மலை உச்சி மேகத்துக்குள் இருக்கும் நாளில் நாங்கள் தண்ணீரில் இறங்குவதே இல்லை.

என்ன காலணி வாங்குவது? முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) சப்பாத்து கட்டாயமா?

கட்டாயமில்லை. ‘அடிடாஸ் கம்போங்’ போதும். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடியில் குமிழ் வைத்த, முழுக்க ரப்பரால் வார்த்த கறுப்புச் சப்பாத்து. தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போனவர்கள் வீட்டு வாசலில் கழற்றிப் போட்டிருப்பார்களே, அதேதான். உரக்கடையிலோ இரும்புச் சாமான் கடையிலோ சுமார் 15 வெள்ளிக்குள் கிடைக்கும். சேற்றிலும் ஈர வேரிலும் அதன் பிடிக்கு விலை உயர்ந்ததெல்லாம் ஈடாகாது. மாலிம்கள் காலைப் பாருங்கள், பாதிப் பேர் அதைத்தான் போட்டிருப்பார்கள். தடித்த காலுறை போடுவதால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். தண்ணீர் புகுந்தால் கழற்றிக் கொட்ட வேண்டியதுதான். குறை என்னவென்றால் அடி மெல்லிசு, குதிகாலுக்குத் தாங்கல் கிடையாது. தார்ச் சாலைக்கும் சிமெண்டுப் படிக்கும் அதைப் போட்டால் மறுநாள் நொண்டுவீர்கள். அந்த இடங்களுக்கு ஓடுகிற சப்பாத்து நல்லது.

விலை கூடியதை ஏற்கனவே வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் கவனிக்க: நம் ஊர் ஈரப்பதத்தில் அடிப்பாகத்தின் நுரை உள்ளேயே இற்றுப்போகும். வெளியே புதிதாகத்தான் தெரியும். மலையில் ஒரு மணி நேரம் நடந்ததும் அடி வாயைப் பிளக்கும். போகுமுன் வீட்டில் கட்டைவிரலால் அழுத்தி, அடியை வளைத்துப் பாருங்கள். பையில் நான்கு பிளாஸ்டிக் கட்டுப் பட்டை போட்டுக்கொண்டால், பிளந்த சப்பாத்தை இறுக்கிக் கட்டிக் கீழே வந்துவிடலாம்.

உடை?

பந்து விளையாடும் ஜெர்சி, லேசான முழுக்கால் சிலுவார். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, ஜீன்ஸ் நனைந்தால் நகராது. பிரம்பு முள் கையைப் பிடித்தால் இழுக்காமல் ஒரு அடி பின்னால் வாருங்கள், தானாக விடும். பஞ்சாபி உடையில் வருகிற தங்கைகள் துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிடலாம். வாசனைத் திரவியம் வேண்டாம், குளவியைச் சீண்டும் என்பார்கள். யாருக்காவது குளவிக் கொட்டு ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டீச்சர், அட்டைதான் பயம். என்ன செய்வது?

பயப்பட ஒன்றுமில்லை, அருவருப்புப் படலாம். மழைக்கு மறுநாள் சருகில் தலையைத் தூக்கி ஆடிக்கொண்டு நிற்கும். நம் மூச்சும் சூடும் அதிர்வும் அதற்குத் தெரியும். தரையில் இருப்பது பழுப்பு நிறம், கடித்தாலும் தெரியாது. இலைமேல் இருப்பது வரி போட்ட புலி அட்டை, அது கடித்தால் சுருக்கென்று இருக்கும்.

சிலுவாரைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அட்டைக் காலுறை என்று முழங்கால்வரை நெருக்கமாக நெய்ததும் விற்கிறார்கள். தோட்டத்தில் புகையிலைத் தண்ணீரில் நனைத்த துணியைக் கணுக்காலில் கட்டுவார்கள், சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்ப்பதும் உண்டு. இரண்டும் ஓரளவுக்கு வேலை செய்யும், ஓடையைக் கடந்ததும் கழுவிப் போய்விடும். கடித்துவிட்டால் நகத்தை வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள். சுருட்டால் சுடுவதும் உப்புக் கொட்டுவதும் வேண்டாம், வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடலாம். எடுத்த பிறகும் இரத்தம் வடியும். உறையவிடாத பொருளை அது செலுத்தியிருக்கிறது. கழுவி, பஞ்சு வைத்து அழுத்தி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கூடுதல் பஞ்சு எடுத்து வரவும்.

சாப்பாடும் தண்ணீரும்?

ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். முழு நாள் என்றால் மூன்று. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, ஒரு பொட்டலம் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள் வைத்திருங்கள். நாசி லெமாக்கைக் கிளம்புமுன் பசியாறிவிடுங்கள். தேங்காய்ப்பால் சோறு பையின் சூட்டில் மத்தியானம்வரை தாங்காது. மேலே சாப்பிடப் புளிச்சோறு, அவித்த முட்டை, பேரீச்சம்பழம், கச்சான். குரங்கு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். வாழைப்பழத் தோலையும் திரும்ப எடுத்து வாருங்கள்.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, வரலாமா?

வரலாம், எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையையோ ஊசியையோ நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். நடக்கும்போது சர்க்கரை இறங்கும். சட்டைப்பையில், முதுகுப் பையில் அல்ல, மிட்டாய் இருக்கட்டும். பக்கத்தில் நடப்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும்.

வழி தவறினால்?

நில்லுங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்பதை நம்ப வேண்டாம். ஊருக்கு முன் அருவி வரும். விசிலை மூன்று மூன்றாக ஊதுங்கள், 999-ஐ அழையுங்கள், இருட்டினால் நகராதீர்கள். போகுமுன் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்து, போனை ஏரோபிளேன் மோடில் போட்டுக்கொண்டால் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் நிற்கும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். பகல் நடைதானே என்று நெற்றி விளக்கை விட்டுவிடாதீர்கள். மரங்களுக்கு அடியில் ஆறரைக்கே இருட்டிவிடும்.

போய் வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். எலிக்காய்ச்சல், டெங்கி இரண்டுமே நினைவில் இருக்கட்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் கால் கீறல் வழியாக நுழைந்தாலே எலிக்காய்ச்சல் வரும். ஓரிரு நாளிலும் வரலாம், நான்கு வாரம் கழித்தும் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் ‘அருவியில் குளித்தேன், காட்டில் நடந்தேன்’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்துவிடலாம்.

வெளியூரில் எங்கே போகலாம்?

ஒரு மணி நேரக் கார்த் தூரத்தில் புக்கிட் மெர்தாஜாம், செரோக் தோக்குன். 545 மீட்டர், நிழல் நிறைய. பினாங்குத் தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட்வரை நடந்தால், அடியில் கடல்நீரும் மேலே நன்னீரும் கலக்காமல் நிற்கும் ஏரியைப் பார்க்கலாம். ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் இடமும் அங்கே உண்டு. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் அதைப் பயிற்சியாகச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் வருடத்துக்கு ஒரு முறை போதாது.

படிக்க ஏதாவது சொல்லுங்கள்.

முதலில் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. பரிசில் பெற்றுவந்த கூத்தன், நன்னன் என்ற மன்னனைப் பார்க்கப் போகிற இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்த பிறகு போ. பாம்பு ஒடுங்கும் குழி உண்டு, பார்த்து நட. யானையை விரட்ட எறியும் கவண்கல் வரும், மரத்தில் ஒதுங்கு. பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். வேடிக்கை பார்த்துக்கொண்டே கால் வைக்காதே. அறிவிப்புப் பலகைகளில் இவ்வளவு நல்ல பாதைக் குறிப்பை நான் பார்த்ததில்லை. உரையோடு படியுங்கள், நாலைந்து பக்கத்தில் பழகிவிடும்.

பட்டினப்பாலையில் புகாரில் குவியும் பொருள்களில் காழகத்துச் சரக்கும் வருகிறது. அதைக் கடாரம் என்று உரை சொல்கிறது. மெர்போக் போகும் வாரம் அந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். தோட்ட வாழ்க்கைக்கு நம் வட்டாரத்து சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவல். நாம் பொழுதுபோக்காக நடக்கிற நிரைகளில் வயிற்றுக்காக நடந்தவர்கள் அதில் இருக்கிறார்கள்.

ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் ‘த மலாய் ஆர்க்கிபெலகோ’, 1869. குனோங் லேடாங் என்ற மலையில் ஏறிய பகுதி சுருக்கமானது. கழுத்து நரம்பருகே அட்டை ஒன்று குடித்து முடித்த கதையும், தாகத்துக்குக் குடுவைச் செடியின் தண்ணீரைக் குடித்த கதையும் உண்டு. பூச்சி செத்துக் கிடக்கும் தண்ணீர்தான், ருசியாக இருந்ததாம். ஜெராயில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பெண்கள் மட்டும் போகலாமா?

நாலு பேராகப் போங்கள். ஆண்கள் மட்டும் போனாலும் இதே பதில்தான்.

பாட்டு ஒலிபெருக்கி, நாய்?

ஒலிபெருக்கி வேண்டாம், கெப்பாலா ஆயர் வரும் சத்தம் காதில் விழாது. நாய் தோட்டத்துச் சாலைக்குச் சரி, கயிறோடு. காட்டில் குரங்குக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போனால் தேடுவது நாங்கள்தான்.